குறுணை வளிமம்

புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனை கேரம் போர்டில் போரிக் பவுடரைத் தூவி, ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தால் 19 காயினும் சிதறும். ஒன்றோடொன்று மோதும், கட்டையில் பட்டுத் திரும்பும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். போர்டின் உராய்வை மட்டும் மறந்துவிட்டால், இயற்பியலில் 'கிரானுலர் கேஸ்' என்பது ஏறக்குறைய இதுதான். 'ரஃப் கிரானுலர் கேஸ்' என்ற தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

லத்தீனில் 'கிரானும்' என்றால் தானியமணி. 'கிரானுலும்' சின்ன மணி. நம் அரிசி மண்டியிலேயே அதற்குச் சொல் இருக்கிறது: குறுணை. 'குறு' என்று எடுத்த எடுப்பிலேயே சிறுமையைச் சொல்லிவிடுகிறது. மண்ணடிப் பக்கம் நோன்புக் கஞ்சிக்குப் போடுவார்களே, அதே குறுணை. (கடைப் பலகையில் 'குருணை' என்று இருக்கும், விலை ஒன்றுதான்.) 'கேஸ்' 17ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் வான் ஹெல்மோன்ட் கிரேக்கக் 'கேயாஸ்' என்ற சொல்லை வைத்து உருவாக்கியது. பாடநூலில் வாயு, எனக்கு வளியிலிருந்து வந்த வளிமம் பிடிக்கும். 'துகள் வாயு' சரிப்படாது, மூலக்கூறும் துகள்தானே.

வித்தியாசமே அங்கேதான். காற்றின் மூலக்கூறுகள் எத்தனை முறை மோதினாலும் சளைப்பதில்லை. குறுணையோ ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஆற்றலை இழக்கும்; அது மணிக்குள் சூடாகப் போய்விடும். வெளியிலிருந்து குலுக்காவிட்டால் கூட்டம் 'குளிரும்'. இங்கே வெப்பநிலை என்பது தெர்மாமீட்டர் காட்டுவதல்ல, மணிகளின் துள்ளல் அளவு. நாளாக ஆக அது காலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று 1983இல் இயற்பியலாளர் ஹாஃப் காட்டினார். சனிக்கோளின் வளையத்துப் பனிக்கட்டிகளும் இந்த இனம்தான்.

அப்புறம் 'ரஃப்'. இதைக் கரடுமுரடு என்று எழுதினால் தப்பு. கணக்கில் வரும் மணி அச்சு அசலான உருண்டை, மேடுபள்ளம் கிடையாது. மோதும்போது மேற்பரப்பு உராய்ந்து பிடிக்கும், அவ்வளவே. ஆகவே சொரசொரப்பு. அதை -1 முதல் +1 வரை ஓர் எண்ணால் அளப்பார்கள். -1 முழு வழவழப்பு: மோதினாலும் சுழற்சி மாறாது. +1 என்றால் தொடும் இடத்தின் பக்கவாட்டு வேகம் அப்படியே எதிர்த்திசைக்குத் திரும்பும். இடையில் இருந்தால் ஓட்டத்தின் ஆற்றல் சுழற்சிக்கும், சுழற்சியினது ஓட்டத்துக்கும் கைமாறும், வழியில் கொஞ்சம் தொலையும். சாதாரண வளிமத்தில் இரண்டுக்கும் சமபங்கு. குறுணையில் பொதுவாக அப்படி இல்லை. ஓட்டத்துக்கு ஒரு வெப்பநிலை, சுழற்சிக்கு வேறொன்று.

பேனாவால் இரண்டு காயின்கள்மேல் கோடு போட்டு, ஒன்றால் மற்றதை ஓரமாக உரசவிட்டுப் பாருங்கள். பற்சக்கரம் மாதிரி எதிரெதிராகச் சுற்றும் என்று தோன்றும். இரண்டும் ஒரே பக்கம் சுற்றும்.