ட்ரோன்: ‘ஆளில்லா’ என்ற அடைமொழி யாரை மறைக்கிறது?

கோபிசெட்டிபாளையம், பவானி வட்டாரத்தில் மஞ்சள் காட்டின் மேல் ட்ரோன் பறப்பதை இப்போது யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கரும்பு ஆளுயரம் தாண்டிய பிறகு, முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு சோகைக்குள் நுழைந்து மருந்தடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி ஆய்வு நடக்கிறது. கல்யாண வீடியோக்காரர்கள் கையிலும் அது இருக்கிறது. சொல்லும் பொருளோடு சேர்ந்து ஊருக்குள் வந்து தங்கிவிட்டது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாள்களில் அதே சொல் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைத்தது. வயலில் மருந்து தெளிக்கும் பொருளுக்கும் ஊர் விட்டு ஊர் வந்து கொல்லும் பொருளுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, தமிழில் அதை எப்படிச் சொல்கிறோம், அப்படிச் சொல்வது சரிதானா என்பதைப் பார்ப்போம்.

பழைய ஆங்கிலத்தில் ட்ரோன் என்றால் ஆண் தேனீ. தேன் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூச்சியை நன்றாகத் தெரியும்: வேலைக்காரத் தேனீயைவிடப் பருத்தது, பெரிய கண்கள் உடையது. அது தேன் சேர்ப்பதில்லை. அதற்குக் கொடுக்கும் கிடையாது. யாரையும் கொட்ட முடியாது. உழைக்காமல் பிறர் உழைப்பில் உண்பவனையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் குறித்தார்கள். விட்டுவிடாமல் ஒரே சீராக எழும் ரீங்காரத்துக்கும் அதுவே பெயர்.

விமானத்துக்கு இந்தப் பெயர் வந்தது 1930களில். தரையிலிருந்து விமானத்தைச் சுடும் பீரங்கிப் படையினருக்குப் பயிற்சி தர, வானொலி அலையால் இயங்கும் விமானம் ஒன்றை 1935-ல் பிரிட்டன் உருவாக்கியது. அதற்கு ‘குயின் பீ’, அதாவது ராணித் தேனீ என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்து அமெரிக்கக் கடற்படையும் அதே வகையில் விமானம் செய்யத் தொடங்கியபோது, ராணித் தேனீக்கு இணையாக ட்ரோன் என்று பெயரிட்டார்கள். அந்தப் பொறுப்பில் இருந்த டெல்மர் ஃபார்னி என்ற கடற்படை அதிகாரியையே பெயர் சூட்டியவராகச் சொல்வது வழக்கம்.

முதல் ட்ரோன் சுடப்படுவதற்காகச் செய்யப்பட்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பயிற்சியில்கூட ஒரு விமானி சாகக் கூடாது என்பதற்காகத்தான் அதிலிருந்து ஆளை இறக்கினார்கள். ஓர் உயிரைக் காக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. கொடுக்கில்லாத பூச்சியின் பெயர் அதற்குப் பொருந்தவே செய்தது. பின்னர் அது வேவு பார்க்கும் கருவியாயிற்று. 2001 அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் ‘பிரிடேட்டர்’ என்ற அமெரிக்க ட்ரோன் ஹெல்ஃபயர் ஏவுகணையை வீசியது. அன்றிலிருந்து பெயர் பழையது, பொருள் வேறு.

தமிழில் இதற்கு ‘ஆளில்லா விமானம்’ என்கிறோம். தூய தமிழ் வேண்டுபவர்கள் ‘ஆளில்லா வானூர்தி’ என்று எழுதுகிறார்கள். கேட்பதற்குக் குறையில்லை. ‘ஆளில்லா’ என்ற அடைமொழி நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். ஆளில்லா ரயில்வே கேட் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கே உண்மையிலேயே ஆள் கிடையாது. கேட்டை மூட யாரும் இல்லாததால்தான் பஸ்ஸும் டிராக்டரும் ரயிலில் அடிபட்டன. போர் ட்ரோனில் அப்படியா? விமானத்துக்குள் மட்டும்தான் ஆள் இல்லை. ஓட்டுபவர் ஒருவர், கேமராவையும் ஏவுகணைக்கு இலக்கைக் காட்டும் லேசரையும் இயக்குபவர் ஒருவர், படத்தை ஆராய்பவர்கள், சட்ட ஆலோசகர், கட்டளை இடும் அதிகாரி என்று அதன் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. இந்தக் காரணத்தால் அமெரிக்க விமானப் படையே ‘ஆளில்லா’ என்ற பெயரை விரும்புவதில்லை. ‘தொலைவிலிருந்து ஓட்டப்படும் விமானம்’ என்றுதான் தன் ஆவணங்களில் எழுதுகிறது. நம் நாட்டு ட்ரோன் விதிகளும் இயக்குபவரைத் தொலை விமானி என்றே குறித்து, அவருக்குச் சான்றிதழ் வேண்டும் என்கின்றன.

வயலில் இந்தக் குழப்பம் வருவதில்லை. மஞ்சளுக்கு அடித்த பூச்சிமருந்து காற்றில் பக்கத்து மல்பெரித் தோட்டத்தில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு செத்துப்போகும். தோட்டக்காரர் வந்து முதலில் கேட்பது “யார் ஓட்டியதுங்க?” என்பதைத்தான். அடுத்த கேள்வி “யார் அடிக்கச் சொன்னது?”. ‘ஆளில்லாத கருவி அடித்தது’ என்று அவரிடம் பதில் சொல்ல முடியுமா?

அவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் தமிழ் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரத்தை, நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவதுண்டு. அந்த நன்னூல், ‘ஆல்’ என்ற மூன்றாம் வேற்றுமை உருபு கருவியையும் காட்டும், செயலுக்கு உரியவரான கருத்தாவையும் காட்டும் என்கிறது. ‘வாளால் வெட்டினான்’ என்பதில் வாள் கருவி. கருத்தா இரண்டு வகை. ‘சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது’ என்பதில் செய்தவரே கருத்தா, இயற்றுதற்கருத்தா. ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்றால் அவன் கல் சுமக்கவில்லை, கட்டச் சொன்னான், அவன் ஏவுதற்கருத்தா. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துபோன இந்தப் பாகுபாடு, இன்றைய போரைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது.

‘ட்ரோனால் பத்துப் பேர் கொல்லப்பட்டனர்’ என்று எழுதும்போது கருவியைக் கருத்தாவின் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். ஏவியவரும் காணோம், இயற்றியவரும் காணோம். ஏவியவர்கள் இல்லாமலா? கொல்ல வேண்டியவர்களின் பட்டியல் வெள்ளை மாளிகை வரை போய் அதிபரின் ஒப்புதல் பெற்றது என்று 2012-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தாக்குதல் நடந்த இடத்தில் இறந்த, போரிடும் வயதுடைய ஆண்கள் எல்லோரையும் எதிரிப் படையினர் கணக்கிலேயே சேர்த்தார்கள் என்றும் அதே செய்தி சொன்னது. அப்படிக் கணக்கு எழுதினால் அப்பாவிகளின் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும். 

இயற்றியவர்களின் கதை வேறு வகையில் வேதனையானது. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், லாஸ் வேகஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, கிரீச் விமானப் படைத் தளம் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் போர் நடந்த காலத்தில், அங்கே குளிரூட்டிய அறையில் திரை முன் அமர்ந்து அந்த நாட்டின் ஒரு வீட்டை நாள்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டில் யார் எப்போது வெளியே வருகிறார்கள், குழந்தை எங்கே விளையாடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போகும். ஏவுகணை இலக்கில் படும் வரை லேசரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். வெடித்த பிறகும் கேமராவை எடுத்துவிட முடியாது; என்ன ஆனது, யார் செத்தார்கள் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். குண்டு போட்ட போர் விமானி அங்கிருந்து விரைந்து பறந்துவிடுகிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இவர் அங்கேயே நிற்கிறார். பணிநேரம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு இரவு உணவு சாப்பிடுகிறார்.

ட்ரோன் இயக்குபவர்களுக்கும் போர் விமானத்தில் பறப்பவர்களுக்கும் மனநலப் பாதிப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதாக அமெரிக்கப் படைகளின் மருத்துவக் கண்காணிப்பு மையம் 2013-ல் கண்டது. உடலில் ஒரு கீறலும் விழ வாய்ப்பில்லாதவர்களின் கணக்கு இது. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர், அச்சத்தால் வரும் பாதிப்பிலிருந்து வேறான ஒரு காயத்தைப் பேசினார்: உயிர் போகும் நெருக்கடியில், அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்துக்குத் துரோகம் செய்யும்போது உண்டாகும் காயம். பின்வந்தவர்கள் தன் கையாலேயே நியாயம் தவறியவரின் வேதனையையும் அதில் சேர்த்தார்கள். தமிழில் அதை ‘அறக்காயம்’ என்று சொல்லலாம். நம் மரபில் போர்க்களத்தில் மார்பில் பட்ட காயத்துக்கு விழுப்புண் என்று பெயர். கொங்கு நாட்டுக் காடுமேடெங்கும் நிற்கும் புலிகுத்திக் கற்கள், தன் உயிரைப் பணயம் வைத்து எதிரே நின்றவனுக்கு ஊர் செய்த மரியாதை. தன் உயிருக்கு ஆபத்தில்லாமல் போரிடுபவருக்கு அந்த மரியாதை உண்டா? அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் வந்தது. ட்ரோன் இயக்குபவர்களுக்கும் கிடைக்கும்படி 2013 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பதக்கம், களத்தில் நின்ற வீரர்களின் எதிர்ப்பால் ஏப்ரலிலேயே கைவிடப்பட்டது.

கீழே இருந்தவர்கள் இந்தக் கருவிக்குப் பெயர் வைத்தது சத்தத்தைக் கொண்டுதான். காசாவில் ‘ஸன்னானா’ என்றார்கள், ரீங்கரிப்பது என்று பொருள். இலங்கையின் வன்னியில் நம் மக்கள் வேவு விமானத்தை ‘வண்டு’ என்றார்கள். வண்டு சுற்றினால் பின்னாலேயே குண்டு வரும் என்று பதுங்கு குழிக்கு ஓடினார்கள்.

பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில், 2012 அக்டோபர் 24 அன்று, பக்ரீத் நெருங்கிய வேளையில், ஒரு பாட்டி பேரக் குழந்தைகளோடு தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். ஏவுகணை அவர் மேல் விழுந்தது. குழந்தைகள் காயத்தோடு தப்பினார்கள். மறு ஆண்டு அவர்களில் இருவர் பள்ளி ஆசிரியரான தந்தையுடன் வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசினார்கள். அப்போது பேரன், தனக்கு நீல வானம் பிடிப்பதில்லை, மேகம் மூடிய வானம்தான் பிடிக்கிறது, மேகம் இருந்தால் ட்ரோன் வருவதில்லை என்று சொன்னான். மேகம் திரண்டால் மகிழ்கிற மண் நம்முடையது. நாம் மழைக்காக மகிழ்கிறோம். அந்தப் பையன் மகிழ்ந்த காரணத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், எந்தச் சொல்லை எங்கே வைப்பது? காட்டில் மருந்து தெளிப்பதற்கும் கல்யாணத்தில் படம் பிடிப்பதற்கும் ட்ரோன் என்றே இருக்கட்டும். ஊர் ஏற்றுக்கொண்ட சொல். போர்க் கருவியைக் குறிக்கும்போது ‘ஆளில்லா’ வேண்டாம். ‘தொலையியக்கப் போர் வானூர்தி’ என்று எழுதலாம். இயக்கம் என்றாலே இயக்குபவர் உண்டு. ‘தற்கொலை ட்ரோன்’ என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். இலக்கில் மோதி வெடிக்கும் அந்தக் கருவிக்கு உயிரில்லை, தன்னைக் கொன்றுகொள்ள. அது பிறரைக் கொல்கிறது. ‘மோதுகுண்டு ட்ரோன்’ என்றால் போதும்.

கோவையும் சேலமும் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடத்தில் இருக்கின்றன. நம் பட்டறைகளில் கடையும் உதிரிபாகங்கள் இத்தகைய கருவிகளில் சேரும் காலம் இது. ஆகையால் செய்தி எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்ததை ‘ட்ரோன் தாக்குதலில் பத்துப் பேர் பலி’ என்று எழுதாதீர்கள். ‘காரில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிய தொண்டு நிறுவன ஊழியரைத் தீவிரவாதி என்று நினைத்து அமெரிக்கப் படையினர் ஏவுகணை வீசினர், அவரையும் ஏழு குழந்தைகளையும் சேர்த்துப் பத்துப் பேரைக் கொன்றனர், பெரும் தவறு என்று மூன்று வாரத்துக்குள் ஒப்புக்கொண்டனர், யாரையும் தண்டிக்கவில்லை’ என்று எழுதுங்கள்.