பொக்கெ: மங்கலா, மயக்கமா?

டோக்கியோவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர், மூன்று மெல்லிய இதழ்களை என் மேசைமேல் வைத்துவிட்டு, “உனக்குப் பிடிக்கும், பார்” என்றார். அட்டையில் ‘ப்ரொவோக்’ என்று பெயர். 1968 நவம்பரில் முதல் இதழ், 1969 மார்ச்சில் இரண்டாவது, அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்றாவது. அத்தோடு நின்றுவிட்ட பத்திரிகை. என் கைக்கு வந்தது 2018-இல் போட்ட மறுபதிப்பு. உள்ளே கட்டுரை உண்டு, கவிதை உண்டு, மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

நான் படம் பிடிக்கக் கற்றது ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில். சிவப்பு விளக்கடியில், டெவலப்பர் தட்டில் கிடக்கும் தாளில் உருவம் மெல்ல எழும்பி வரும்போதே மாஸ்டர் குனிந்து பார்ப்பார். “ஆடிப்போச்சு” என்பார், இல்லாவிட்டால் ஃபோகஸ் தப்பிவிட்டது என்ற பொருளில் “அவுட்டு” என்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தத் தாள் குப்பைக்குத்தான். அந்தக் கண்ணோடு ப்ரொவோக்கைப் புரட்டியபோது எனக்குத் திக்கென்றது. மாஸ்டர் கிழித்துப் போட்டிருக்கக்கூடிய படங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. உருவங்கள் இழுபட்டுக் கோடாகிவிட்டன. வானம் மணல் கொட்டிய மாதிரி இருக்கிறது. சில பக்கங்களில் எது முகம், எது சுவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மூடி வைக்கவும் மனம் வரவில்லை.

தக்குமா நக்காஹிரா, யுத்தாக்கா தக்கானாஷி என்ற படக்கலைஞர்கள், விமர்சகர் கோஜி தக்கி, கவிஞர் தக்காஹிக்கோ ஒக்காதா ஆகிய நால்வரும் சேர்ந்து தொடங்கிய இதழ் இது. இரண்டாம் இதழிலிருந்து டைடோ மொரியாமாவும் வந்து சேர்ந்தார். மூன்றாம் இதழில் அவர் எடுத்தவை சூப்பர்மார்க்கெட் அலமாரியில் அடுக்கிய டின்கள் போன்ற சாதாரணச் சரக்குகள். இதழின் துணைத்தலைப்பைத் தமிழில் ‘சிந்தனையைச் சீண்டும் ஆவணங்கள்’ என்று சொல்லலாம். ஏற்கெனவே இருக்கிற மொழியின் பிடிக்குச் சிக்காத நிஜத்தின் துண்டுகளைக் கண்ணால் பிடித்துத் தருவதே படம் எடுப்பவர் செய்யக்கூடிய வேலை என்பது அவர்கள் கொள்கை. மாணவர் போராட்டங்களால் ஜப்பான் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. துல்லியமான, அழகாக ஒழுங்குசெய்த செய்திப்படத்தை அவர்களால் நம்ப முடியவில்லை.

இந்தப் பாணிக்கு ஜப்பானில் நிலைத்துவிட்ட பெயர் மூன்று சொல் சேர்ந்தது: ‘அரெ, புரெ, பொக்கெ’. லென்ஸ் குவியாத இடத்தில் இருப்பது கரைந்து தெரிவதைச் சொல்லும் அந்தக் கடைசிச் சொல்தான் பிறகு கடல் தாண்டி உலகம் முழுக்கப் பரவியது. இன்று நம் ஊர்க் கல்யாண ஆல்பம் வரை வந்துவிட்டது. ஆனால் வந்த வழியில் முன்னிரண்டு தோழர்களையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது. அதனால்தான் அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் எழுத்து. ஜப்பானியத்தில் இந்தச் சொல்லில் இருக்கும் ஒகரமும் எகரமும் குறில்கள். ஆங்கிலத்தில் அதை அப்படியே எழுதினால் ‘போக்’ என்று படித்துவிடுவார்கள். அதனால் 1997-இல் அமெரிக்காவின் ‘ஃபோட்டோ டெக்னிக்ஸ்’ இதழாசிரியர் மைக் ஜான்ஸ்டன் கடைசியில் ஒரு ‘ஹெச்’ சேர்த்து எழுதத் தொடங்கினார். அந்த எழுத்துக்கூட்டல்தான் இன்று எங்கும் புழங்குகிறது. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. எகர ஒகரக் குறில் நம் எழுத்திலேயே இருக்கிறது. நடுவில் ஒற்றைக் ககரம் போட்டால் மென்மையாக ஒலித்துவிடும் என்பதால் ‘பொக்கெ’ என்று எழுதினால் மூலத்துக்கு ஓரளவு பக்கத்தில் போய்விடலாம். ஒரே ஒரு தொல்லை, கல்யாண மண்டபத்தில் ‘பொக்கே’ என்றால் பூங்கொத்தை நீட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால் ஜப்பானியத்திலும் ‘பொக்கெ’ என்று ஒரு பூமரம் உண்டு. வசந்தத்தில் செக்கச்செவேலென்று பூக்கும். அதற்கும் நம் சொல்லுக்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவில்லை.

பொருளுக்கு வருவோம். ‘பொக்கெரு’ என்பது வினை. விளிம்பு கரைவது, உரு தெளிவிழப்பது. இதே ஒலியுள்ள வினை மனிதருக்கும் வரும். வயதாகி நினைவு தடுமாறுகிறவரைச் சொல்லும்போது ‘பொக்கெரு’ என்பார்கள். சீன எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் வேறு வேறு குறி, வாயில் ஒன்றுதான். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் ‘நெபொக்கெ’. நெடுந்தூர விமானத்தில் வந்து இறங்கி, பகலா இரவா என்று உடம்புக்குப் புரியாமல் கிடக்கும் நிலை ‘ஜிசாபொக்கெ’. இருவர் நின்று பேசும் நகைச்சுவை மேடையில் அசட்டுத்தனமாகப் பேசுகிறவர் பெயரும் பொக்கெதான். ஆக இது லென்ஸ் கம்பெனிக்காரர் உண்டாக்கிய கலைச்சொல் இல்லை. வீட்டில் புழங்கிய சொல் காமிராவுக்குப் போயிருக்கிறது.

அதற்குப் பிறவினை ‘பொக்கசு’, கரையச் செய்வது. அதிலிருந்து வந்தது ‘பொக்கஷி’. பழைய மர அச்சுப் படங்களில் வானம் மேலே கருநீலமாகத் தொடங்கி, கீழே வர வர வெளுத்து ஒன்றுமில்லாமல் போகுமே, அந்த வேலைக்குப் பெயர். ஈரப்படுத்திய மரக்கட்டையில் சாயத்தைத் தூரிகையால் இழுத்துக் கரைத்து, ஒவ்வொரு தாளாக ஒற்றி எடுப்பார்கள். மர அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் மாலை வானங்களெல்லாம் அப்படி வந்தவை. காமிரா வருவதற்கு முன்பே கரைவதில் அழகு பார்த்த கண் அது.

சரி, மற்ற இரண்டு சொற்கள். ‘அரெ’ என்றால் சொரசொரப்பு. கடல் கொந்தளித்தாலும் அந்த வினைதான், பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்தாலும் அந்த வினைதான். படத்தில் அது வரும் வழி இது: ஏ.எஸ்.ஏ. எனப்படும் ஒளியுணர்வு அளவு 400 உள்ள ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் விட்டால் வெள்ளித் துகள்கள் திரண்டு கண்ணுக்குத் தெரியும். அதை ஹார்டு பேப்பரில் அச்சிட்டால் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் கழன்றுபோய், கரியும் சுண்ணாம்பும் மட்டும் நிற்கும். ‘புரெ’ என்றால் அசைவால் வரும் குலைவு. காமிரா பிடித்த கை நடுங்கினால் ‘தெபுரெ’. கொள்கையில் நிலையாக நிற்காத அரசியல்வாதியையும் இதே வினையால்தான் சொல்வார்கள். தமிழிலும் ‘ஆட்டம் கண்டுவிட்டார்’ என்கிறோம் இல்லையா? மாஸ்டர் சொன்ன ‘ஆடிப்போச்சு’தான் புரெ. இதற்குப் புதிதாக ஒன்றும் கோர்க்க வேண்டாம், ‘ஆட்டம்’ என்ற சொல்லே போதும்.

இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். ஆட்டத்துக்கும் பொக்கெவுக்கும் சேர்த்து ‘ப்ளர்’ என்று ஒரே சொல்லைப் போட்டு, அதற்குத் தமிழாக ‘மங்கல்’ என்று எழுதிவிடுகிறோம். ஆட்டம் காலத்தால் வருவது, ஷட்டர் மூடுவதற்குள் ஏதோ நகர்ந்திருக்கிறது. பொக்கெ தூரத்தால் வருவது, லென்ஸ் குவிந்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ பொருள் நிற்கிறது. ஒன்றில் புள்ளி கோடாக நீளும், மற்றொன்றில் புள்ளி வட்டமாக விரியும். வேறு வேறு காரணம், வேறு வேறு வடிவம். மாஸ்டர் ‘ஆடிப்போச்சு’, ‘அவுட்டு’ என்று இரண்டாகப் பிரித்தே சொன்னார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

‘மங்கல்’ ஏன் பொருந்தாது? மங்கிய படம் என்றால் தமிழில் சாயம் போன படம், வெளிச்சம் குறைந்த படம். தாத்தாவின் கல்யாணப் படம் மங்கியிருக்கும், ஆனால் மூக்கு முழி கூர்மையாகத் தெரியும். ‘தெளிவின்மை’ என்பது இல்லாததைச் சொல்லும் சொல், அழகாக வந்ததைப் பார்த்து ‘நல்ல தெளிவின்மை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘கலங்கல்’ கொஞ்சம் நெருங்குகிறது. ‘கண்ணு கலங்கலா தெரியுது’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுதான். ஆனால் கலங்கிய நீர் என்றால் தெளியட்டும் என்று காத்திருப்போம். பொக்கெ தெளியக் காத்திருப்பதில்லை. அந்தி இருட்டுக்குச் சொல்லும் ‘மசங்கல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல், என்றாலும் அதில் பொழுதும் இருட்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

நான் முன்வைப்பது ‘மயக்கம்’. தலைசுற்றி விழுவது என்று இன்று சுருங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் மயங்குதல் என்றால் முதலில் கலத்தல், ஒன்றின் எல்லை இன்னொன்றில் கரைதல். மாலை மயங்கும் நேரம் என்கிறோம். லகர ளகரங்களை மயங்கொலி என்கிறோம். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்து சேர்வதை இலக்கணம் மெய்ம்மயக்கம் என்கிறது. நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஐந்தும் ‘கலந்த மயக்கம் உலகம்’ என்பது தொல்காப்பியம். இன்னொரு பக்கம் மனம் தடுமாறுவதும் மயக்கம், தூக்கம் கலையாததும் மயக்கம். ஜப்பானியச் சொல் உருவத்தையும் அறிவையும் ஒரே மூச்சில் எப்படித் தொடுகிறதோ அப்படியே இதுவும் தொடுகிறது. பொக்கெரு, பொக்கசு என்ற ஜோடிக்கு நம்மிடம் மயங்கு, மயக்கு என்ற ஜோடி தயாராக இருக்கிறது.

ஒளியியலும் இதற்குச் சாட்சி சொல்கிறது. குவியத்துக்கு வெளியே இருக்கும் ஒளிப்புள்ளி ஃபிலிமில் சிறு வட்டமாக விழும். அந்த வட்டத்தை ஆங்கிலப் புத்தகங்கள் ‘சர்க்கிள் ஆஃப் கன்ஃப்யூஷன்’ என்றே எழுதுகின்றன. தமிழில் மயக்க வட்டம். லென்ஸின் வாய் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் தெருவிளக்கு விரியும். அந்த வாயைச் சுருக்கும் இதழ்த்தகடுகள் ஆறு என்றால் அறுகோணமாக, முழுக்கத் திறந்திருந்தால் உருண்டையாக. வட்டத்தின் ஓரம் பளிச்சென்று வளையம் கட்டினால் கண்ணை உறுத்தும். நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல அடங்கினால் இதமாக இருக்கும். லென்ஸ் வாங்குகிறவர்கள் ‘பொக்கெ நல்லா இருக்கு’ என்பது இந்த அடங்கலைத்தான். கூட்டுச்சொற்களும் தானாக வருகின்றன: முன்னால் இருப்பது கரைந்தால் முன்மயக்கம், பின்னால் என்றால் பின்மயக்கம். தப்பான இடத்தில் குவிந்துபோன படத்தை ஜப்பானியர் ‘பின்பொக்கெ’ என்பார்கள். அந்தப் ‘பின்’ நம் ‘பின்’ அல்ல, டச்சு மொழியில் குவியத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்த ‘பின்தோ’வின் சுருக்கம். நாம் குவிமயக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று பொக்கெ என்றதும் மணப்பெண் பின்னால் மிதக்கும் வண்ண விளக்குகள்தான் நினைவுக்கு வருகின்றன. ப்ரொவோக்கில் அது இனிமைக்காக வந்ததே இல்லை. பார்த்தது உறுதியில்லை என்பதை மறைக்காமல் அச்சில் வைத்தார்கள். அந்தப் பாணி சீக்கிரமே விலைபோனது. 1970-இல் ஜப்பான் தேசிய ரயில்வேயின் ‘டிஸ்கவர் ஜப்பான்’ சுற்றுலாச் சுவரொட்டிகளில் ஆடிய, மயங்கிய படங்கள் வந்துவிட்டன. நக்காஹிராவுக்கு அது பொறுக்கவில்லை. 1973-இல், இனி படம் தாவரப் படநூல் போலத் தெளிவாக, பிடிப்பவரின் கவிதை எதுவும் ஏறாமல் இருக்க வேண்டும் என்று எழுதினார். பழைய நெகட்டிவ்களில் பெரும்பகுதியை எரித்தும் விட்டார். அந்த இடத்தைப் படித்துவிட்டு இதழ்களை மறுபடி திறந்தபோது, ஒவ்வொரு பக்கமும் அவர் மனதார நம்பி, பிறகு மனதார விட்டுவிட்ட ஒன்றாகத் தெரிந்தது. எனக்கு அந்த இரண்டு நேர்மையும் வேண்டியிருக்கிறது.

போன மாதம் உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் படம் எடுக்க வந்த பெண்ணிடம், “பின்மயக்கம் இன்னும் கொஞ்சம் கூட்டும்மா” என்று சொல்லிப் பார்த்தேன். “மயக்கமா அங்கிள்?” என்று ஒரு நொடி முழித்தார். பின்னாலிருந்த குத்துவிளக்குச் சுடர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் லென்ஸின் வாயான அப்பர்ச்சரை 1.8-க்கு அகலத் திறந்துவிட்டு காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.