நம் ஆள் தோற்றுவிட்டார், இனி ஓட்டு யாருக்கு?

2008 மார்ச்சில் அமெரிக்காவின் காலப் நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. ஜனநாயகக் கட்சிக்குள் ஹிலாரி கிளின்டனும் பராக் ஒபாமாவும் விடாப்பிடியாக மோதிக்கொண்டிருந்த நேரம் அது. ஒபாமா வேட்பாளராகிவிட்டால் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று ஹிலாரியின் ஆதரவாளர்களிடம் கேட்டார்கள். 28 சதவீதம் பேர், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னுக்குப் போடுவோம் என்றார்கள். ஒபாமாவின் ஆதரவாளர்களிலும் 19 சதவீதம் பேர், ஹிலாரி வந்தால் நாங்களும் மெக்கெய்ன் பக்கம்தான் என்றார்கள். கட்சி உடைந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். நவம்பரில் ஒபாமா சுமார் 95 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்தக் கோபம் எங்கே போனது? கொஞ்சம் கரைந்தது, கொஞ்சம் கரையவில்லை. எது கரைகிறது, எது கரைவதில்லை என்பதை அரசியல் அறிவியலாளர்களும் உளவியலாளர்களும் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதைத் தெரிந்துகொண்டால், தோற்ற அணியில் நிற்பவர் தன் அடுத்த முடிவைத் தெளிவாக எடுக்க முடியும்.

முதலில் அங்குள்ள ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். நம்மூரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது. அமெரிக்காவில் பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக இது நடக்கும். கோடையில் கட்சி மாநாடு கூடி வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும். நவம்பரில் பொதுத்தேர்தல். ஆக, ஐந்தாறு மாதம் ஒரு தலைவருக்காக வீடு வீடாகப் போய்ப் பேசி, பணம் கொடுத்து, சொந்தக்காரர்களோடு வாதாடியவர், தோற்ற மறுநாளிலிருந்து நேற்றைய எதிரிக்காகக் கிளம்ப வேண்டும். அது அத்தனை சுலபமா?

சுலபமில்லை என்பதற்கு ஒரு காரணத்தை 1956லேயே ஜாக் ப்ரெம் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். டோஸ்டர் போன்ற வீட்டுச் சாமான்களைப் பெண்கள் சிலரிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டால், எடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது, விட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தவர்களிடம் இது நன்றாகத் தெரிந்தது. தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பதாலேயே மனம் இடைவெளியைப் பெரிதாக்குகிறது. அவர் கணக்கிட்ட முறையில் ஒரு குறை இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் குறையைச் சரிசெய்து நடத்திய சோதனைகளிலும், அளவு குறைந்தாலும், இந்த விளைவு தெரிந்தது.

ஹிலாரிக்கும் ஒபாமாவுக்கும் இடையில் கொள்கை வித்தியாசம் மிகக் குறைவு. உள்நாட்டு விஷயங்களில் அவர்கள் அதிகம் சண்டை போட்டது மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. எல்லோரும் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்றார் ஹிலாரி. கட்டாயம் கூடாது என்றார் ஒபாமா. இதற்காகவே இரு தரப்பும் மாதக்கணக்கில் துண்டறிக்கையும் விவாதமுமாக மோதின. 2010ல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதே கட்டாயம் இருந்தது! பிரைமரி காலத்தில் மலைபோலத் தெரிந்த வித்தியாசம் இரண்டே ஆண்டில் இல்லாமல் போனது. தோற்ற அணியில் இருக்கும் யாரும் இந்த ஒரு உதாரணத்தையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, கோபம் எப்படித் தணிகிறது? 1940ல் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில், பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு அதே ஆட்களை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பப் பேட்டி கண்டது. பிரச்சாரம் மக்களை அப்படியே புரட்டிப் போடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். ஆனால் கட்சி மாறியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோரிடம் பிரச்சாரம் செய்தது வேறு வேலை: ஏற்கெனவே உள்ளே இருந்த சாய்வைத் தட்டி எழுப்பியது. வசந்தகாலத்தில் கேட்கும்போது மனதில் நிற்பது உட்கட்சிச் சண்டை. அக்டோபரில் விவாதமும் விளம்பரமும் வரி, மருத்துவம், உச்சநீதிமன்ற நீதிபதிகள் என்று பேச ஆரம்பித்ததும், எதிர்க்கட்சி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது மறுபடி கண்ணில் படுகிறது. மார்ச் மாதக் கணிப்பில் வரும் கோபத்தை நவம்பர் ஓட்டாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரியதும் அல்ல. 2016 ஜூலையில் கிளீவ்லாந்தில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் நின்றுகொண்டே, டொனால்ட் டிரம்புக்கு ஆதரவு என்று சொல்ல, பிரைமரியில் அவரிடம் தோற்ற டெட் குரூஸ் மறுத்தார். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். கூட்டம் கூச்சலிட்டது. செப்டம்பரில் அவரே டிரம்பை ஆதரித்துவிட்டார். நவம்பரில் குடியரசுக் கட்சியினரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு டிரம்புக்குத்தான் போட்டார்கள்.

ஆனால் எல்லோரும் திரும்புவதில்லை. திரும்பாதவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2008 எக்ஸிட் போலில், ஹிலாரியை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினரில் 84 சதவீதம் பேர் ஒபாமாவுக்குப் போட்டதாகச் சொன்னார்கள். பிரைமரியில் ஹிலாரிக்கு ஓட்டுப் போட்ட எல்லோரையும் பின்தொடர்ந்த ஆய்வுகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் மெக்கெய்னுக்குப் போயிருந்தார். இரண்டு எண்களும் மோதுவதுபோல் தெரியலாம். யாரைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பல மாநிலங்களில் கட்சி சாராதவர்களும் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். பெயருக்கு ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துவிட்டு, பல தேர்தல்களாகக் குடியரசுக் கட்சிக்கே போடுகிறவர்கள் மேற்கு வர்ஜீனியா போன்ற இடங்களில் ஏராளம். அவர்கள் நவம்பரில் எதிர்ப்பக்கம் போனால் அதைத் துரோகம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் புறப்பட்ட இடமே அதுதான்.

2016லும் இதே கதைதான். அந்த முறை ஜனநாயகக் கட்சியில் ஹிலாரியிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸுக்கு பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் நவம்பரில் டிரம்புக்குப் போட்டதாக ஒரு பெரிய சர்வே காட்டியது. மிச்சிகனில் டிரம்ப் ஜெயித்தது 10,704 ஓட்டில், விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292. இந்த மூன்றிலும் கட்சி தாண்டிய சாண்டர்ஸ் ஓட்டுகள் அந்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். உடனே பழி சாண்டர்ஸ் மேல் விழுந்தது. ஆனால் அதே சர்வேயைத் தோண்டிப் பார்த்தபோது, அப்படிப் போனவர்களில் 2012ல் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கட்சிப் பிடிப்பு குறைவு, இனம் பற்றிய கருத்துகளிலும் மற்ற சாண்டர்ஸ் ஆதரவாளர்களிடமிருந்து வெகுதூரம். ஹிலாரியிடம் திரும்பியிருக்க வேண்டியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. தோற்றவரின் ஆட்களை மொத்தமாகத் திட்டுவது இந்தத் தரவுக்கு நியாயம் செய்யாது. அடுத்த தேர்தலுக்கும் நல்லதில்லை.

கொள்கையே உண்மையில் வேறாக இருந்தால் நிலைமை வேறு. 2008 தேர்தலைப் பற்றி 2010ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஹிலாரி அணியிலிருந்து ஒபாமாவைக் கைவிட்டவர்களில் பலர் வெறும் எரிச்சலில் அப்படிச் செய்யவில்லை என்றது. ஈராக் போர் போன்ற விஷயங்களில் அவர்கள் மெக்கெய்னுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அது யோசித்துப் போட்ட ஓட்டு, அதை மதிக்க வேண்டும்.

இனி, கொள்கையில் கட்சியோடு நிற்பவர், ஆனால் மனம் ஒப்பவில்லை. அவர் என்ன செய்யலாம்? ஒரு ஓட்டின் எடையைப் பார்ப்போம். ஒரே ஓட்டு அதிபர் தேர்தலை முடிவு செய்யும் வாய்ப்பு 2008ல் சராசரியாக 6 கோடியில் ஒன்று என்று ஆண்ட்ரூ கெல்மனும் சக ஆய்வாளர்களும் கணித்தார்கள். போட்டி கடுமையாக இருந்த சில மாநிலங்களில் அது 1 கோடியில் ஒன்றாக இருந்தது. அநேகமாக எல்லா மாநிலங்களிலும், அங்கே ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு ஒதுக்கிய தேர்வாளர் வாக்குகள் முழுவதும் போகின்றன. 2016ல் கலிபோர்னியாவில் ஹிலாரி ஜெயித்தது 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில். அங்கே ஒருவர் மூன்றாவது கட்சிக்குப் போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம், முடிவு மாறாது. விஸ்கான்சினில் மாறக்கூடும்.

2000ல் சிலர் இதைக் கச்சிதமாகப் பயன்படுத்தப் பார்த்தார்கள். போட்டி மாநிலத்தில் இருக்கும், பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடரின் ஆதரவாளர், ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போடுவார், பதிலுக்கு முடிவு முன்பே உறுதியான மாநிலத்தில் இருக்கும் கோர் ஆதரவாளர் நேடருக்குப் போடுவார். இப்படி ஜோடி சேர்த்துவிட இணையதளங்கள் தொடங்கினார்கள். கலிபோர்னிய அதிகாரிகள் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியதும் சில தளங்கள் மூடப்பட்டன. அந்தப் பரிமாற்றம் பேச்சுரிமைக்குள் வரும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 2007 ஆகிவிட்டது. புளோரிடாவில் கோர் தோற்றது 537 ஓட்டில், அங்கே நேடர் வாங்கியது 97,488. வாக்குச்சீட்டுகளை ஆராய்ந்து பார்த்தவர்கள், நேடர் நிற்காமல் இருந்திருந்தால் அவருடைய ஓட்டுகள் ஏறத்தாழ 60க்கு 40 என்று கோருக்கும் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கும் பிரிந்திருக்கும் என்று கணித்தார்கள். எல்லாமே கோருக்கு வந்திருக்காது. ஆனாலும் 537ஐத் தாண்ட அந்தச் சிறு சாய்வு தாராளமாகப் போதும்.

"ஒரு முறை தோற்கட்டும், அப்போதுதான் கட்சிக்குப் புத்தி வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. நிபந்தனையே இல்லாமல் ஆதரவு கிடைக்கும் என்று தெரிந்தால் தலைமை எதற்காக இறங்கி வரும்? சிக்கல் எங்கே என்றால், போடாத ஓட்டு ஏன் போடாமல் போனது என்று யாருக்கும் தெரிவதில்லை. இடதுசாரி கோபத்தில் வீட்டிலேயே இருந்தாரா, நடுநிலையாளர் பயந்து விலகினாரா, மழை பெய்ததா? தோல்விக்குப் பிறகு கட்சிக்குள் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பாடத்தையே அதிலிருந்து எடுக்கிறார்கள்.

1968 இங்கே முக்கியம். வியட்நாம் போருக்கு எதிராக யூஜின் மெக்கார்த்தி ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில் போட்டியிட்டார். ஒரு பிரைமரியிலும் நிற்காத ஹூபர்ட் ஹம்ஃப்ரி, சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார். மெக்கார்த்தி அக்டோபர் 29 வரை ஆதரவு தரவில்லை. தந்ததும் அரைமனதாகத்தான். ஒரு வாரத்தில் தேர்தல். குடியரசுக் கட்சியின் நிக்சன் சுமார் 5 லட்சம் ஓட்டில் ஜெயித்தார், போர் மேலும் பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் அந்தக் கிளர்ச்சிக்குப் பெரிய பலன் ஒன்று கிடைத்தது: பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றிய கமிஷன். இன்றைய பிரைமரி முறை அதிலிருந்து பிறந்தது. அந்தக் கமிஷனுக்கான அடிப்படைத் தீர்மானம், போலீஸ் தடியடிக்கு நடுவில், அந்த ஆகஸ்ட் மாநாட்டிலேயே நிறைவேறிவிட்டது. நவம்பர் தோல்வி வரை அது காத்திருக்கவில்லை.

2016லும் அப்படித்தான். சாண்டர்ஸ் ஜூலை 12 அன்று ஹிலாரியை ஆதரித்தார். அதற்கு முன்பே அவருடைய ஆட்கள் கட்சி அறிக்கைக் குழுவில் உட்கார்ந்து, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலியை அறிக்கையில் ஏற்றிவிட்டார்கள். மாநாட்டில் சீர்திருத்தக் கமிஷன் ஒன்றையும் வாங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 2018ல் சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது மக்கள் தேர்ந்தெடுக்காத கட்சிப் பிரமுகர்கள், போட்டி இருக்கும்போது முதல் சுற்றில் ஓட்டுப் போடும் உரிமையை இழந்தார்கள். தோற்ற அணியின் பேர பலம் உச்சத்தில் இருப்பது பிரைமரி முடிந்ததிலிருந்து மாநாடு வரையான அந்தச் சில வாரங்களில்தான். எனவே என் கருத்து: போட்டி மாநிலத்தில் இருப்பவர் கடைசியில் கட்சி வேட்பாளருக்கே போட வேண்டும், அதற்கு முன்னால் அந்தச் சில வாரங்களில் கேட்க வேண்டியதையெல்லாம் விடாமல் கேட்க வேண்டும்.

வென்றவருக்கும் இதில் கடமை உண்டு. டாம் டைலர் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு, மனிதர்கள் பாதகமான தீர்ப்பைக்கூட ஏற்கிறார்கள், நடைமுறை நியாயமாக இருந்தது என்று நம்பினால். 2016 மாநாட்டுக்குச் சற்று முன்பு கசிந்த மின்னஞ்சல்கள், கட்சி அலுவலகமே சாண்டர்ஸ் மேல் கடுப்பில் இருந்ததைக் காட்டின. கட்சித் தலைவர் டெபி வாசர்மன் ஷூல்ட்ஸ் விலக நேர்ந்தது. திரும்பி வர மனம் வைத்திருந்த பலருக்கும் அது கதவைச் சாத்தியதுபோல் ஆனது.

2020ல் இரு தரப்பும் வேறு மாதிரி நடந்துகொண்டன. சாண்டர்ஸ் ஏப்ரல் 13 அன்றே ஜோ பைடனை ஆதரித்தார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், முந்தைய ஆண்டு விவாத மேடையில் பைடனை நேருக்கு நேர் கடுமையாகத் தாக்கியவர். அவரையே பைடன் துணை அதிபர் வேட்பாளராக்கினார். பைடன் தரப்பும் சாண்டர்ஸ் தரப்பும் ஆறு கூட்டுக் குழுக்கள் அமைத்தன. பருவநிலைக் குழுவுக்கு அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் ஜான் கெர்ரியும் கூட்டாகத் தலைமை தாங்கினார்கள். ஜூலையில் வெளிவந்த 110 பக்க அறிக்கையில் 2035க்குள் மின் உற்பத்தியிலிருந்து கரிம மாசை ஒழிக்கும் இலக்கு இருந்தது, 15 டாலர் கூலியும் இருந்தது. சாண்டர்ஸ் அணி எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்ட அனைவருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு அதில் இடம்பெறவில்லை.