கேஷ் போட்டால் மூட்டை கரைந்துவிடாது

"மாடலை மாற்றிப் பார்க்கலாமா?" ஏஐ ஏஜென்ட் திணறுகிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான். எத்தனை டூல் (ஏஜென்ட் வெளியே வேலை செய்ய அழைக்கும் செயல்பாடு) மாட்டியிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. எண்ணிப் பார்த்தால் 60, 70 இருக்கும். கிட்ஹப், ஸ்லாக், காலண்டர், டேட்டாபேஸ், அதுபோக "இருந்துட்டுப் போகட்டுமே" என்று சேர்த்த இன்னும் இரண்டு எம்சிபி சர்வர் (ஏஜென்டுக்கு டூல்களைப் பொது நெறிமுறையில் தரும் நிரல்). பயனர் "வணக்கம்" என்று தட்டுவதற்குள், அந்த டூல்களை மாடலுக்கு விவரிப்பதற்கே ஐம்பதாயிரம் டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு, கட்டணமும் அதன் கணக்கில்தான்) போயிருக்கும்.

மிகைப்படுத்தவில்லை. 2025 நவம்பரில், கிளாட் மாடலைச் செய்யும் ஆந்த்ரோபிக் வெளியிட்ட கணக்கு ஒன்று: ஐந்து சர்வர், 58 டூல், சுமார் 55,000 டோக்கன். அதில் கிட்ஹப்பின் 35 டூலுக்கு 26,000. ஸ்லாக்கின் 11 டூலுக்கே 21,000. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். டூல் குறைவாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றும் எவ்வளவு வளவளவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

இதைச் சொன்னதும் வரும் பதில்: "அதான் கேஷிங் போட்டாச்சே!" அதாவது, மாறாத தொடக்கப் பகுதியைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்துகிறோமே என்று.

இதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம். 20 சுற்று ஓடும் உரையாடலில் டூல் பட்டியல் முழுதும் 20 முறை போகிறது. 55,000 என்பது 11 லட்சமாகிறது. ஆந்த்ரோபிக் விலைப்படி ஐந்து நிமிடக் கேஷில் எழுத வழக்கமான உள்ளீட்டு விலையில் 1.25 மடங்கு, அதிலிருந்து படிக்கப் பத்தில் ஒரு பங்கு. முதல் சுற்றுக்கு 68,750, மீதி 19 சுற்றுக்கு 1,04,500. கூட்டினால் சுமார் 1,73,000 டோக்கனுக்கான காசு. நல்ல சேமிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்தது கட்டணம் மட்டுமே. பஸ்ஸில் மூட்டைக்கு அரை டிக்கெட் வாங்கினாலும் முழு சீட்டையும் அது அடைத்துக்கொண்டுதான் வரும். 2 லட்சம் டோக்கன் கான்டெக்ஸ்டில் (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இடம்) உங்களுக்கு மிஞ்சுவது 1,45,000. சீக்கிரம் நிரம்புகிறது, பழைய உரையாடலைச் சுருக்கும் வேலை முன்கூட்டியே தொடங்குகிறது, பயனர் ஆரம்பத்தில் சொன்ன நிபந்தனை அந்தச் சுருக்கத்தில் காணாமல் போகிறது. அதோடு, மூன்று சர்வரில் மூன்று "சர்ச்" டூல் இருந்தால் மாடல் தவறான கதவைத் தட்டும். கேஷ் இதில் எதையும் தொடாது.

அந்தக் கேஷாவது உருப்படியாக வேலை செய்கிறதா? ஆந்த்ரோபிக் ஏபிஐயில் (உங்கள் மென்பொருள் மாடலை அழைக்கும் வழி) டூல் பட்டியல்தான் முதலில், பிறகு சிஸ்டம் பிராம்ப்ட் (மாடலுக்கான நிலையான அறிவுறுத்தல்), அதன்பின் உரையாடல். மேலே ஓர் எழுத்து மாறினால் கீழே உள்ள எல்லாமும் போச்சு. எந்த சர்வர் முதலில் பதில் தருகிறதோ அந்த வரிசையில் டூல்களை அடுக்கும் கோடு (code), விவரணைக்குள் இன்றைய தேதியைச் செருகும் கோடு, நடுவில் "இந்தச் சுற்றுக்கு இது வேண்டாம்" என்று ஒரு டூலைத் தூக்கும் கோடு எல்லாம் கேஷைத் தினமும் உடைத்துக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாமல். பெயர் வரிசையில் அடுக்கிப் பூட்டுங்கள். பதிலோடு வரும் பயன்பாட்டு எண்களில் கேஷிலிருந்து படித்த டோக்கன் பூஜ்யமா என்று பாருங்கள். தயவுசெய்து ஒருமுறையாவது பாருங்கள்.

எதையும் வெட்டுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். ஆந்த்ரோபிக்கின் டோக்கன் எண்ணும் ஏபிஐ டூல் பட்டியலையும் ஏற்கும். டூல் உள்ளபடி ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை அனுப்பிக் கழித்தால் விடை. ஆந்த்ரோபிக்கின் நிரலெழுதும் ஏஜென்டான கிளாட் கோடில் (Claude Code) கான்டெக்ஸ்ட் கட்டளையைத் தட்டினாலே எம்சிபி டூல்கள் தின்பது தெரியும். டூலின் ஸ்கீமா (எந்தெந்தப் புலத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்ற வரையறை) இருக்கும் ஜேசான் கோப்பில் இடைவெளிகளை நீக்கிவிட்டு மிச்சம் பிடித்ததாக மகிழாதீர்கள். மாடலுக்குப் போகும் முன் அந்த ஸ்கீமாவை ஏபிஐ தன் வடிவத்தில் மறுபடி எழுதிக்கொள்ளலாம், உங்கள் இடைவெளி அங்கே போய்ச் சேராமலே இருக்கலாம்.

கனம் பெரும்பாலும் ஸ்கீமாவில் இருக்கும், விவரணையில் அல்ல. ஓப்பன்ஏபிஐ கோப்பிலிருந்து (ஒரு ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவம்) அப்படியே உருவாக்கிய டூல்கள் இதில் மோசம். 249 நாட்டுக் குறியீடும் enum-ஆக (அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) வரிசையில் நிற்கும். "ஐஎஸ்ஓ ஈரெழுத்துக் குறியீடு" என்று ஒரு வரி எழுதி, சரிபார்ப்பை சர்வரில் வையுங்கள். நேர மண்டலப் பட்டியலுக்கும் அதேதான். பைதான் நூலகமான பைடான்டிக் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு தலைப்பைத் தானாகச் சேர்க்கும். புலத்தின் பெயரையே திருப்பிச் சொல்லும் அது எதற்கு? மாடல் ஒருபோதும் நிரப்பாத விருப்பப் புலங்களை எடுத்துவிடுங்கள். பயனர் ஐடி, ஏபிஐ சாவி போன்றவற்றை உங்கள் கோடு நிரப்பட்டும். மாடல் கையில் சாவியைக் கொடுப்பது எப்படியும் தப்பு.

விவரணையில் வெட்ட வேண்டியது அலங்காரத்தை. "பயனர்கள் தங்கள் ஆர்டர்களின் நிலையை எளிதாக அறிய உதவும் டூல்" என்பதில் மாடலுக்கு ஒன்றுமில்லை. "ஆர்டர் எண்ணுக்கு இப்போதைய நிலை. எண் தெரியாவிட்டால் முதலில் ஆர்டர் தேடல்" என்று எழுதினால் வேலை நடக்கும். எப்போது அழைக்கக்கூடாது என்ற வரியை மட்டும் தொடாதீர்கள். அதை வெட்டினால் 20 டோக்கன் மிச்சம், தவறான அழைப்பும் மறுமுயற்சியுமாகச் சில ஆயிரம் செலவு.

தமிழில் ஏஜென்ட் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டூல் விவரணையைத் தமிழில் எழுதாதீர்கள். மொழிப்பற்றை இங்கே காட்ட வேண்டாம். அதே பொருளுக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு டோக்கன் தின்னும். விவரணை ஆங்கிலத்தில் இருக்கட்டும், "பதில் தமிழில்" என்பது சிஸ்டம் பிராம்ப்டில் இருக்கட்டும்.

சர்வரின் எல்லா டூலையும் இறக்க வேண்டும் என்று சட்டமில்லை. கிட்ஹப் சர்வரில் டூல் தொகுப்பு தேர்ந்தெடுக்கும் வசதியும், படிக்க மட்டும் என்ற வசதியும் ஏற்கெனவே இருக்கின்றன, யாரும் தொடுவதில்லை. ஓப்பன்ஏஐ வழிகாட்டியே ஒரு சுற்றின் தொடக்கத்தில் 20-க்குக் குறைவாக வைக்கச் சொல்கிறது. வாடிக்கையாளரைத் தேடு, ஆர்டரை எடு, கூரியர் நிலையைப் பார் என்று எப்போதும் சேர்ந்தே ஓடும் மூன்றை ஒன்றாக்கலாம். அதற்காக 14 செயல்களை ஒரே டூலில் திணித்து எல்லாப் புலத்தையும் விருப்பப் புலமாக்காதீர்கள். மாடல் ஒன்றின் புலத்தை இன்னொன்றில் போடும்.

இதற்குப் பிறகும் டூல் பட்டியல் பத்தாயிரம் டோக்கனைத் தாண்டினால்தான் ஆந்த்ரோபிக் ஏபிஐயின் டூல் தேடல் வசதி. டிஃபர் லோடிங் (பிறகு ஏற்று) என்று குறித்த டூல்கள் முதலில் மாடலுக்குப் போகாது. மாடல் தேடும்போது பொருந்தும் மூன்று முதல் ஐந்து மட்டும் உரையாடலின் நடுவே விரியும். தலைப்பகுதி மாறாததால் கேஷும் உடையாது. தினமும் அடிபடும் மூன்று நான்கு டூலைத் தள்ளிவைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் ஒரு தேடல் வீண். தேடல் பெயரையும் விவரணையையும் பார்த்தே நடக்கிறது. "ரன்", "பிராசஸ்" என்று பெயர் வைத்தால் சிக்காது. சர்வர் பெயரை முன்னொட்டாக வையுங்கள். தேடலை நீங்களே எம்பெடிங்கில் (வாக்கியத்தின் பொருளை எண்களாக்கி ஒப்பிடும் முறை) கட்டினால், பயனரின் தமிழ் வாக்கியத்தை ஆங்கிலம் மட்டும் தெரிந்த எம்பெடிங் மாடலுக்கு நேராகக் கொடுக்காதீர்கள். சம்பந்தமில்லாத டூல் வரும், பழி ஏஜென்ட் மேல் விழும்.

டூல்களைக் கோப்புகளாக வைத்து மாடலே கோடு எழுதி அழைக்கும் வழியும் உண்டு. 1,50,000 டோக்கன் 2,000 ஆன உதாரணத்தை ஆந்த்ரோபிக் காட்டியது இதில்தான். அதற்குப் பாதுகாப்பான சாண்ட்பாக்ஸ் (கோடு தனித்து ஓடும் மூடிய இடம்) வேண்டும். அதைப் பராமரிக்க ஆளில்லாத குழு இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

எந்த வெட்டையும் நேராக லைவில் போடாதீர்கள். உண்மையான கேள்விகள் ஒரு 30 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த டூல் அழைக்கப்பட வேண்டும் என்று குறித்து, வெட்டுக்கு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இரண்டு டூலுக்கு இடையில் மாடல் தடுமாறும் கேள்விகள் அதில் பத்தாவது இருக்கட்டும்.