266.50 ரூபாய் யூரியா மூட்டை: மானியம் யார் கைக்குப் போகிறது?

45 கிலோ யூரியா மூட்டை கடையில் 266 ரூபாய் 50 காசு. வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக விலை 242 ரூபாய்தான். மானியம் இல்லாவிட்டால் அதே மூட்டைக்குச் சுமார் 2,200 ரூபாய் ஆகும் என்று 2023-ல் மத்திய அரசு கணக்குச் சொன்னது. இவ்வளவு ஆவதற்கு முக்கியக் காரணம் எரிவாயு.

இயற்கை எரிவாயுவில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். நிக்கல் வினையூக்கியின் மேல், 800 டிகிரி அளவு சூட்டில், நீராவியோடு சேர்த்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் கிடைக்கும். அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு உயர் அழுத்தத்தில் இணைத்தால் அம்மோனியா. வாயுவைப் பிரிக்கும்போது கிளம்பும் கரியமில வாயுவையும் விடுவதில்லை. அம்மோனியாவும் அதுவும் சேர்ந்தால்தான் யூரியா. மூலப்பொருளும் எரிவாயு, அடுப்பும் எரிவாயு. அதன் விலை ஏறினால் மானியமும் ஏறும். முன்பு கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாப்தா என்ற திரவத்தில் ஓடிய மணலி, தூத்துக்குடி ஆலைகள் வாயுவுக்கு மாறியதும் செலவைக் குறைக்கத்தான்.

உள்நாட்டு வாயு மலிவு. திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவரும் வாயுவான எல்என்ஜி விலை அதிகம். 2015 முதல் இரண்டின் விலையையும் சராசரியாக்கி, குழாய் இணைப்புள்ள யூரியா ஆலைகளுக்கு ஒரே விலையில் தருகிறார்கள். இதை நடத்துவது மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயில்.

சரி, மானியம் யாருக்கு? 'நேரடி மானியம்' என்று பெயர் இருந்தாலும் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு ஒரு பைசா வராது. கடையிலோ சொசைட்டியிலோ விற்பனையைப் பதிவுசெய்யும் பிஓஎஸ் இயந்திரத்தில் பதிவான பிறகு உர நிறுவனத்துக்குப் பணம் போகிறது. 2018 மார்ச்சுக்குள் நாடு முழுக்க இந்த முறை வந்துவிட்டது. ஆதார், கிசான் கடன் அட்டை, வாக்காளர் அட்டை இவற்றில் ஒன்று போதும் என்பது மத்திய அரசின் விதி. நடைமுறையில் பெரும்பாலும் ஆதாரும் கைரேகையும்தான் கேட்கிறார்கள்.

இயந்திரம் தரும் ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எத்தனை மூட்டை, என்ன விலை என்று அதில் இருக்கும். வாங்காத மூட்டை உங்கள் பேரில் ஏறியிருந்தால் அதில்தான் தெரியும். மானிய யூரியா பிளைவுட் பசைத் தயாரிப்புக்குக் கள்ளத்தனமாகப் போவதுண்டு. வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதற்கு அதைத் தடுப்பதும் ஒரு காரணம்.

அப்புறம், "நுண்ணூட்டப் பாக்கெட் வாங்கினால்தான் யூரியா" என்று சில கடைகளில் சொல்வார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தி விற்கக் கூடாது. மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி குற்றம். ரசீதோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.