சிம்னியும் புகைபோக்கியும்: ஒரு சொல்லால் இடம் மாறிய ஓட்டை

என் சித்தப்பா மகன் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீடு கட்டினான். தளி, ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் ஏறக்குறைய 3,000 அடி உயரத்து மேட்டுநிலம். தர்மபுரி டவுனில் மின்விசிறி போட்டுத் தூங்குகிற மார்கழி இரவில் அங்கே கம்பளி தேடவேண்டியிருக்கும். அதனால் கூடத்தில் ஓர் இரும்பு விறகு அடுப்பு வைக்க ஆசைப்பட்டான். முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே குழாய், சுவர் வழியாக வெளியே போய்க் கூரைக்கு மேல் எழும்பும் வகை. மேஸ்திரியிடம், "அண்ணா, சிம்னிக்கு மறக்காம ஓட்டை விட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறான். பூச்சு வேலை முடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது, சமையலறையில் கேஸ் அடுப்புக்கு மேலே வட்டமாக ஒரு ஓட்டை அழகாக இருந்தது. கூடத்துச் சுவர் மொழுமொழுவென்று இருந்தது.

மேஸ்திரி மேல் தப்பில்லை. இன்றைக்குக் கடையில் போய் சிம்னி கேட்டால் கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டுகிற மின்கருவியைத்தான் காட்டுவார்கள். முப்பது, நாற்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் கூண்டு கிடைத்திருக்கும். செங்கல் சூளைக்காரரிடம் கேட்டால் வானத்தைத் தொடுகிற கோபுரத்தைக் கை காட்டுவார். ஒரு சொல்லுக்கு நம்மிடம் நான்கு வேலை. இதில் விறகு அடுப்பின் குழாய்க்குத்தான் இடமே கிடைக்கவில்லை.

சிம்னி நமக்கு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து. அதற்கு லத்தீனின் 'காமினாதா'விலிருந்து. காமினாதா என்றால் அடுப்பு உள்ள அறை. அதன் அடியில் 'காமினஸ்' என்ற உலைச் சொல்லும், அதற்கும் கீழே 'காமினோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் இருக்கின்றன. ஆக, முதலில் அறைக்குப் பெயர், அப்புறம் அந்த அறையின் அடுப்புக்கு, கடைசியில் அடுப்பின் புகைவழிக்கு. ஸ்டவ் என்ற சொல்லும் இப்படித்தான். பழைய டச்சு, ஜெர்மானிய மொழிகளில் அது சூடாக்கிய அறையைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஷ்டூபே' என்றால் அறைதான். குளிர் நாட்டுக்காரர்கள் இடத்துக்குப் பெயர் வைத்து, அதைப் பிறகு கருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் அடுப்பு செயலில் பிறந்தது. அடுதல் என்றால் சமைத்தல், காய்ச்சுதல். அடுக்களை, அட்டில், அடிசில் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். "அட்டாலும் பால்சுவையிற் குன்றாது" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த அட்டாலும் காய்ச்சினாலும் என்பதுதான். அதே அடுதலுக்குக் கொல்லுதல் என்றும் பொருள் உண்டு. தகடூர் அதியமானைப் போன்றவர்களின் அடுபோரைப் பாடியவர்களும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். சமைக்கிற தீயும் கொல்கிற தீயும் வேறு வேறு இல்லை என்பது அந்தச் சொல்லை ஆண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, சிம்னிக்குத் தமிழ் என்ன? அகராதியைப் புரட்டினால் புகைக்கூண்டு, புகைபோக்கி இரண்டையும் ஒரே பொருளாகக் கொடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேறு. பழைய ஓட்டு வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே கூரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, பக்கங்களில் இடைவெளி விட்டிருப்பார்கள். அது புகைக்கூண்டு. புகை வீட்டுக்குள் எழுந்து, பரவி, தானாக வழி தேடிக்கொண்டு போகும். அடுப்பின் வாயிலேயே புகையைப் பிடித்து, அறையில் கலக்க விடாமல் வெளியே கொண்டுபோய் விடுகிற குழாய்தான் புகைபோக்கி.

அந்தச் சொல்லின் உயிர் 'போக்கு' என்பதில் இருக்கிறது. போகு என்பது தன்வினை, போக்கு என்பது பிறவினை. ஆகு, ஆக்கு போல. நீங்கு, நீக்கு போல. உருகு, உருக்கு போல. புகை போகும் என்றால் அது தன்பாட்டுக்குப் போகிறது. போக்கும் என்றால் ஒன்று அதைப் போகவைக்கிறது. கடைசியில் நிற்கும் இகரம் அந்த வேலையைச் செய்வது எது என்று காட்டும். சுமைதாங்கி, இடிதாங்கி, நீர்மூழ்கி எல்லாவற்றிலும் அதே இகரம்தான்.

ஒரு வெறும் குழாய் எப்படிப் போகவைக்கும்? சூடான காற்று லேசானது. குழாய்க்குள் இருக்கும் சூடான புகைக்கும் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசம்தான் இழுப்பு. குழாய் உயர உயர, உள்ளே சூடு கூடக் கூட இழுப்பும் கூடும். அதனால்தான் கூரையைத் தாண்டி வெளியே வந்த இடத்திலிருந்து குழாய் குறைந்தது 3 அடி எழும்ப வேண்டும், சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கிற கூரை முகடு, மதில், தண்ணீர்த்தொட்டி எதைவிடவும் 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிடக் குட்டையாக விட்டால் காற்றுச் சுழன்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். வளைவும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தை மாதக் காலையில் குழாய் ஜில்லென்று இருந்தால் உள்ளே குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். பற்றவைத்ததும் புகை முகத்தில் அடிக்கும். முதலில் இரண்டு காய்ந்த ஓலையையோ காகிதத்தையோ குழாயின் வாயருகே எரித்துச் சூடேற்றினால் இழுக்க ஆரம்பித்துவிடும். குழாய் சூடாக இருக்கிற வரைக்கும்தான் அது போக்கி.

எங்கள் பக்கத்து மொழிக்காரர்களைச் சொல்லாமல் விட மனமில்லை. புகை கன்னடத்தில் ஹொகெ. நம் பகரம் அங்கே ஹகரமாகிவிடும். தர்மபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லின் பெயரிலும் அந்த ஹொகெதான் இருக்கிறது: புகையும் கல். அருவித் தூறலைப் பார்த்து வைத்த பெயர். ஓசூர்ப் பக்கம் கன்னட வீடுகளில் அடுப்பை ஒலெ என்பார்கள். அது நம் உலையின் உறவு. தெலுங்கு வீடுகளில் பொய்யி.

இனி எனக்கு வருத்தம் தந்த ஒரு சொல்: புகையில்லா அடுப்பு. 1983-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்காக ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவியது. களிமண்ணால் இரண்டு வாய் வைத்த அடுப்பு, பின்னால் குழாய். நம் கொடியடுப்பும் இரண்டு வாய்தான். அதனால் ஆட்களுக்குப் பிடித்துப்போனது. பாலக்கோட்டுப் பக்கம் இருந்த என் ஆயா வீட்டிலும் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் அதைப் பார்த்து ஒன்று கட்டிக்கொடுத்தார், சிமெண்ட் குழாயோடு. முதல் வருடம் ஆயாவுக்குச் சந்தோஷம். களி கிண்டும்போது கண்ணீர் வரவில்லை. இரண்டாம் வருடம் புகை அடுப்பின் வாய் வழியாகவே திரும்பி வந்தது. குழாய் கரியால் அடைத்துப்போயிருந்தது. அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. புகையே இல்லாத அடுப்பில் கரி எங்கிருந்து வரும்? "பொகை போறதுக்கு வழி இருந்தா அது எதுக்கு நம்ம கண்ணுக்கு வருது" என்று சொல்லி, ஆயா அதை இடித்துவிட்டுப் பழைய அடுப்புக்கே போய்விட்டார். சாகும்வரை இருமினார்.

குறை பெயரில்தான். புகைபோக்கி அடுப்பு என்று சொல்லியிருந்தால் புகை உண்டு, அதைப் போக்க ஒன்று இருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும் என்று பெயரே சொல்லியிருக்கும். இரண்டாவது வாயில் பாத்திரம் வைக்காமல் திறந்து விட்டால் அதன் வழியாகப் புகை வரும் என்பதும் புரிந்திருக்கும். குறுந்தொகையில் ஒரு பெண் தாளிக்கிற புகை மைதீட்டிய கண்ணில் நிறைய, கணவனுக்குத் தானே துழாவிச் சமைக்கிறாள். "குய்ப்புகை கழும" என்கிறது பாட்டு. அழகான பாட்டு. ஆனால் ஆயாவின் சிவந்த கண்ணைப் பார்த்தபிறகு அந்த வரியை வேறு மாதிரிதான் படிக்க முடிகிறது. வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி, சாணம் போன்றவற்றின் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

குழாயில் அடைகிற கரியிலும் இரண்டு வகை. பொடியாக உதிர்வது வெறும் புகைக்கரி. பிசுபிசுவென்று ஒட்டி, இறுகிக் கறுப்புக் கண்ணாடி போல ஆவது இன்னொன்று. இதை ஆங்கிலத்தில் கிரியோசோட் என்பார்கள். 'இறைச்சியைக் காப்பது' என்று பொருள்படக் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1830களில் உண்டாக்கிய பெயர். புகையில் காட்டிய கறி கெடாமல் இருப்பதற்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள தொடர்பே காரணம். நமக்குக் கீல் என்ற நல்ல சொல் இருக்கிறது. மரக்கலத்தில் பூசும் தாருக்குப் பெயர். புகைக்கீல் என்றால் போதும். ஈர விறகின் புகை குளிர்ந்த குழாயில் படியும்போதுதான் இந்தக் கீல் அதிகம் சேரும், அது தீப்பிடிக்கும். குழாய்க்குள் தீ ஓடினால் இரைச்சலோடு செந்தழலாகிவிடும், கூரையும் பிடிக்கலாம். உடனே அடுப்பின் கதவையும் காற்றுத் துளையையும் மூடி, எல்லோரும் வெளியே வந்து, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட வேண்டும். பழுத்த இரும்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெடித்துவிடும்.

ஆகவே விறகு காய்ந்திருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கலாம். அடுப்புக்குப் போகும்போது அது 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். நம் ஊரில் புளியோ மாவோ சீமைக்கருவேலோ, பிளந்து, மழை படாமல் ஒரு கோடை முழுக்கக் காற்றாட அடுக்கி வைத்தது நல்லது. இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். ஈரக் கட்டை 'தப்' என்னும். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இரும்பு அடுப்பிலிருந்து எரியக்கூடிய எதுவும் 3 அடி தள்ளியே இருக்கட்டும். குழாய் ஓலைக்கூரைக்குள் நேராகப் போகவே கூடாது. சாம்பலில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடிபோட்ட தகர டின்னில் கொட்டி வாசலுக்கு வெளியே தரையில் வைக்க வேண்டும், குப்பைக் கூடையில் வேண்டாம்.

குளிர்காய்வதற்கான அடுப்புக்குக் கணப்படுப்பு என்ற பெயர் பொருத்தம். கணப்பு என்றாலே குளிர்காயும் தீ. சங்க காலத்தில் தடவு என்றார்கள். "பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர" என்கிறது நெடுநல்வாடை: வாடைக்குப் பயந்து சன்னல் கதவைத் தாழிட்டுவிட்டு, அகன்ற வாயுடைய கணப்புச் சட்டி நெருப்பில் குளிர்காய்கிறார்கள். அந்தக் காலத்து மாளிகைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். நம் இறுக்கமான கான்கிரீட் அறையில் கதவை அடைத்துக்கொண்டு கரிச்சட்டி வைத்துத் தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். குழாய் உள்ள அடுப்புக்கும் காற்று உள்ளே வர வழி வேண்டும். சன்னலுக்குச் சிலப்பதிகாரம் சொல்லும் பெயர் காலதர், கால் என்ற காற்று வரும் வழி. காலதர் இல்லாமல் புகைபோக்கி வேலை செய்யாது.

கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டும் கருவிக்குப் புகை உறிஞ்சி என்று சொல்லலாம். அது இழுக்கிறது, அவ்வளவுதான். வெளியே குழாய் இல்லாமல் கரி வடிகட்டி மட்டும் வைத்த வகை, காற்றை வடிகட்டித் திரும்ப அதே அறையில்தான் விடுகிறது. அதைப் புகைபோக்கி என்று எப்படிச் சொல்வது?

தம்பி வீட்டுக் கூடத்துச் சுவரில் மேஸ்திரி மறுபடி ஓட்டை போட்டார். இந்தத் தடவை சுவரில் கரித்துண்டால் 'புகைபோக்கி' என்று நானே எழுதிவைத்தேன். முதல் நாள் பற்றவைத்தோம். ஓலை எரித்துச் சூடேற்றியும் புகை மடங்கி மடங்கிக் கூடத்துக்குள்ளேயே வந்தது. ஐந்து நிமிடம் திணறியபிறகுதான் சமையலறையில் உறிஞ்சி ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது. சன்னல் எல்லாம் சாத்திய வீட்டில் அது வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக, இந்தக் குழாய் வழியாக வெளிக்காற்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உறிஞ்சியை நிறுத்தி ஒரு சன்னலைத் திறந்தோம். தீ நிமிர்ந்தது. வாசலில் நின்ற தம்பி மகள், "பெரியப்பா, மேலே போகுது" என்று கத்தினாள்.