ஊழியம் – அது அமைச்சகம் அல்ல

போன மாதம் ஒரு கைப்பிரதி மெய்ப்புப் பார்க்க வந்தது. மதுரையில் ஒரு சபை நடத்தும் ஒருநாள் கருத்தரங்கு. தலைப்பு, 'பயனுள்ள அமைச்சகத்தின் ஏழு குணங்கள்'. காலை அமர்வு 'இளைஞர் அமைச்சகம்'. பிற்பகல் அமர்வு 'சிறைச்சாலை அமைச்சகம்'. கடைசி வரியில், மதியச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் 'உணவு அமைச்சக'த்தை அணுக வேண்டும் என்று போட்டிருந்தது. கருத்தரங்குக்குப் போகிறவர்கள் சாம்பார் சாதத்துக்காக டெல்லி வரை போய் வர வேண்டும் போல.

தட்டச்சு செய்த தம்பியிடம் கேட்டேன். "இங்கிலீஷ்ல அனுப்புனாங்கண்ணே, போன்ல போட்டா இப்படித்தான் வருது" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இந்த வருஷத்தில் மட்டும் இது நான்காவது முறை. 'குழந்தைகள் அமைச்சகம்' என்று ஒரு துண்டுத்தாளில் பார்த்தேன். 'ஜெப அமைச்சகம்' என்று ஒரு நாட்காட்டியில் பார்த்தேன். 'மகளிர் அமைச்சகம்' என்ற பதாகையைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருப் பாட்டி ஒருவர் முதியோர் பென்ஷன் மனுவை அங்கே கொடுக்கலாமா என்று என்னிடம் விசாரித்தார். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். எழுதினவர்தான் தப்பாக எழுதிவிட்டார்.

இங்கிலீஷ் தாளில் இருந்த சொல் மினிஸ்ட்ரி. அரசில் அதற்கு அமைச்சகம் என்று பொருள், சபையில் ஊழியம் என்று பொருள். அதன் பூர்வீகத்தை நான்கு வரியில் முடித்துவிடலாம். லத்தீனில் 'மினுஸ்' என்றால் குறைவு. அதிலிருந்து 'மினிஸ்டர்', அதாவது கீழே இருப்பவன், வேலைக்காரன். அதற்கு எதிர்ச்சொல் 'மாகிஸ்டர்', மேலே இருப்பவன். ராஜாவிடம் வேலை பார்த்தவனும் மினிஸ்டர், தேவாலயத்தில் வேலை பார்த்தவனும் மினிஸ்டர். ராஜாவின் வேலைக்காரன் காலப்போக்கில் மந்திரியாகிவிட்டான். மற்றவன் இருந்த இடத்திலேயே இருந்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு மூலமாக நிற்கும் சொல் 'தியாகோனியா'. பணிவிடை என்பது அதன் பொதுப்பொருள். பந்தியில் பரிமாறுவதற்கும் அதே சொல்தான்.

ஆக ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்று பார்க்காமல் தட்டினால் வருவதுதான் 'உணவு அமைச்சகம்'.

இனி அமைச்சகத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அமைச்சு என்பது வள்ளுவர் கையாண்ட சொல். குறளில் 64ஆம் அதிகாரத்துக்குப் பெயரே அமைச்சு. அங்கே அமைச்சர் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறார் பாருங்கள்: 'பிரித்தலும் பேணிக் கொளலும் பிரிந்தார்ப் பொருத்தலும் வல்லது அமைச்சு'. பகைவரின் கூட்டாளிகளைப் பிரிக்கத் தெரிய வேண்டும், தம் ஆட்களைத் தக்கவைக்கத் தெரிய வேண்டும், பிரிந்து போனவர்களைத் திரும்பச் சேர்க்கத் தெரிய வேண்டும். இது அரசு நடத்தும் சாமர்த்தியம். (பிரித்தல் என்பது சபைகளுக்குத் தெரியாத வித்தை இல்லை, அது வேறு விஷயம்.) அந்த அமைச்சோடு 'அகம்' என்பதையும் ஒட்டிவிட்டால் அது ஆளையும் விட்டு, செயலையும் விட்டு, கட்டடமாகவே ஆகிவிடுகிறது. நூலகம், அச்சகம், தலைமைச் செயலகம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசுக்குக்கூட நாம் அதைச் சொல்வதில்லை. இங்கே 'துறை'தான், அமைச்சகம் என்றால் மத்திய அரசு. இலங்கைத் தமிழர்கள் வெறும் 'அமைச்சு' என்பார்கள், அதுவும் அரசாங்கத்துக்குத்தான்.

அப்புறம் அந்த 'குணங்கள்'. குணம் மனிதர்களுக்கு உண்டு, மருந்துக்கும் மூலிகைக்கும் உண்டு. அலுவலகத்துக்கு ஏது குணம்? 'அமைச்சகத்துக்குத் தாழ்மை வேண்டும்' என்று அந்தக் கைப்பிரதியின் உள்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மூன்று தரம் படித்தேன். சொன்னவருக்கு நல்ல எண்ணம், சொல் காலை வாரிவிட்டது.

சரி, அமைச்சகம் வேண்டாம், வேறு என்ன என்று கேட்டால் உடனே தனித்தமிழ் நண்பர்கள் வரிசையில் வந்துவிடுவார்கள். 'ஊழியம் பழைய வாடை அடிக்கிறது, திருப்பணி என்று போடுங்கள்' என்றார் ஒருவர். மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. இந்த ஊரில் திருப்பணி என்றால் கோயில்வேலை. கல்தூண், சாரம், பாலாலயம், கும்பாபிஷேகம். மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் 2018இல் தீப்பிடித்த பிறகு எத்தனை பேர் வாயில் 'திருப்பணி எப்போது முடியும்' என்ற கேள்வி இருந்தது! கத்தோலிக்கர் தங்கள் வழக்கில் இந்தச் சொல்லை நன்றாகவே ஆள்கிறார்கள், அவர்களுக்கு அது பழகிவிட்டது. பழகாத சபையில் 'இளைஞர் திருப்பணி' என்று போட்டால் பையன்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்து நிற்பார்கள்.

தொண்டு? இதை அவ்வளவு எளிதில் தள்ள மாட்டேன். திருத்தொண்டர் புராணம் தந்த மொழி இது. 'என் கடன் பணிசெய்து கிடப்பதே' என்று அப்பர் சொன்ன மொழியில் பணிக்கும் தொண்டுக்கும் என்ன குறை? 1995இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பில் மாற்கு 10:45, 'தொண்டு ஏற்பதற்கு அல்ல, மாறாகத் தொண்டு ஆற்றுவதற்கும்' என்று அழகாகத்தான் போகிறது. ஆனால் இன்றைக்குத் தெருவில் தொண்டர் என்றால் கரைவேட்டிக்காரர். தொண்டு நிறுவனம் என்றால் பதிவெண்ணும் ரசீதுப் புத்தகமும். நாற்பது வருஷம் முன்னால் என்றால் தொண்டுக்கே என் ஓட்டு.

ஆகவே ஊழியம். வாடை அடிக்கிறது என்றாரே நண்பர், அந்த வாடைதான் எனக்கு வேண்டும். முதலில், இது வடசொல்லோ என்று பயப்பட வேண்டாம். தெலுங்கில் ஊடிகம், கன்னடத்தில் ஊளிகம். மதுரையில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் பக்கத்துக் குடும்பச் சொல். அடுத்தது, அதன் பொருள். தெய்வத்துக்கோ குருவுக்கோ செய்யும் பணிவிடை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கொஞ்சம் கசப்பானது. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் மேலோருக்கும் கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. டச்சுக்காரர் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் அப்படி ஓர் ஊழியம் இருந்தது. இந்தச் சொல்லைச் சுமக்கிறவனுக்கு நாற்காலி கிடையாது. பைபிளின் பழைய மொழிபெயர்ப்பு அதே வசனத்துக்கு அதைத்தான் கூசாமல் எடுத்துக்கொண்டது: 'மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்'. கடவுளின் குமாரனைப் பற்றிச் சொல்லும்போது கூலியில்லா வேலைக்காரனின் சொல்லைப் போடத் துணிச்சல் வேண்டும். சீஷர்களின் காலைக் கழுவத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டவர் அமைச்சர் இல்லையே.

நல்ல ஊழியத்துக்கு என்னென்ன வேண்டும் என்ற கேள்விக்கும் அந்தப் பழைய மொழிபெயர்ப்பே வீட்டுச் சொற்களில் பதில் வைத்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு. இயேசுவின் சீஷர்கள் பன்னிருவரும், 'நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல' என்கிறார்கள். பந்தி விசாரிப்பது என்றால் என்னவென்று நம் ஊர்க் கல்யாண வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாளியோடு ஓடுவது மட்டுமில்லை, இலையைப் பார்ப்பது. கடைசி வரிசையில் உட்கார்ந்த கூச்சக்காரருக்கு ரசம் வந்ததா, பாட்டிக்குச் சோறு குழைவாகப் போட்டார்களா என்று கண்ணாலேயே கணக்கெடுப்பது. இரண்டு வசனம் தள்ளி அவர்களே 'போதிக்கிற ஊழியம்' என்கிறார்கள். பந்தியில் செய்வதற்கும் பிரசங்கத்துக்கும் கிரேக்கத்தில் ஒரே வேர்தான். பந்திக்கு ஆள் எடுக்கவே கேட்ட தகுதி என்ன? ஆவியும் ஞானமும் நிறைந்து நற்சாட்சி பெற்ற ஏழு பேர். சோறு போட ஊரார் நல்லவன் என்று சொல்ல வேண்டுமாம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது தங்களை ஊழியக்காரர் என்று மட்டும் சொல்லவில்லை, 'உக்கிராணக்காரர்' என்றும் சொல்கிறார். உக்கிராணம் என்ற சொல் இப்போது கல்யாண மண்டபங்களில்கூடத் தேய்ந்து 'ஸ்டோர் ரூம்' ஆகிவிட்டது. சாமான்கள் இருக்கும் அறை, அதன் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் உக்கிராணக்காரர். முந்திரியும் நெய்யும் அவர் கையில், ஆனால் எதுவும் அவருடையது இல்லை. அவரிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, 'உண்மையுள்ளவனென்று காணப்படுவது'. திறமை, கவர்ச்சி, கூட்டம் சேர்க்கும் ஆற்றல் எதையும் பவுல் அந்த இடத்தில் கேட்கவில்லை. கருத்தரங்கின் ஏழு குணத்தில் முதலாவது 'தொலைநோக்குத் தலைமைத்துவம்' என்று இருந்தது. உக்கிராணக்காரருக்குத் தொலைநோக்கு எதற்கு, எண்ணெய் டின் எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

'பயனுள்ள' என்பதையும் பார்த்துவிடுவோம். தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் உரமூட்டையில் அச்சடிக்கிற சொல் மாதிரி இருக்கிறது. பவுல் கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, 'ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்'. இந்த மாற்கு யார்? பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவர். அவரைத் திரும்பச் சேர்ப்பதா என்றுதான் பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அப்படிப்பட்டவரைப் பிற்பாடு 'பிரயோஜனமுள்ளவன்' என்று கூப்பிடுகிறார். எங்கள் வீட்டிலும் 'பிரயோஜனமான பிள்ளை' என்று சொன்னால் அதற்கு மேல் பாராட்டு இல்லை. வடசொல்தான், இருக்கட்டும். நான் தூய்மைக்காக வழக்காடவில்லை, தெளிவுக்காக வழக்காடுகிறேன்.

ஊழியத்துக்கும் இப்போது பிணி வந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். ஊழியம் என்றால் மேடையும் மைக்கும் என்று ஆகிவிட்டது. பாய் விரிக்கிறவர், செருப்பை அடுக்கி வைக்கிறவர், ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்குப் படுக்கிற அக்கா, இவர்களை யாரும் ஊழியக்காரர் என்று சொல்வதில்லை. கெங்கிரேயா சபையின் பெபேயாளை 'ஊழியக்காரி' என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே எழுதியிருக்கிறாரே! ராஜாவின் வேலைக்காரன் மந்திரியாகப் படியேறினானே, நம் ஊழியக்காரர் சிலரும் அதே படியில்தான் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவேளை அதனால்தான் 'அமைச்சகம்' அவர்கள் காதுக்கு உறுத்தவில்லையோ என்னவோ.

மொழிபெயர்க்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் பொதுவான வருத்தம் இதுதான்: சபையில் ஏற்கெனவே புழங்குகிற சொல்லை அவர்கள் கேட்பதே இல்லை. சாட்சி சொல்வது 'பகிர்தல்' ஆகிவிட்டது. பாட்டு நடத்துகிறவர் 'ஆராதனைத் தலைவர்'. ஒரு புத்தகத்தில் 'வேலைக்காரத் தலைவர்' என்று பார்த்தேன், வீட்டு வேலையாட்களுக்கு மேஸ்திரி என்று நினைத்தேன். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலிக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. ஆனாலும் உட்கார்ந்து தமிழும் வடமொழியும் படித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினார். நமக்குத் தாய்மொழி, கையில் போனும் இருக்கிறது.

கைப்பிரதியை 'நல்ல ஊழியத்துக்கு வேண்டிய பண்புகள்' என்று திருத்தினேன். அமர்வுகளை 'வாலிபர் ஊழியம்', 'சிறைச்சாலை ஊழியம்' என்று மாற்றினேன். கடைசி வரியில் ஆசையாகப் 'பந்தி விசாரணை' என்று போட்டேன். மறுநாள் சபையிலிருந்து தாள் திரும்பி வந்தது. மேலே உள்ளதெல்லாம் சரி என்று டிக் அடித்திருந்தார்கள். பந்தி விசாரணை மட்டும் அடிக்கப்பட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: 'விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது, சாப்பிட வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். உபசரிப்புக் குழு என்று போடவும்.'

போட்டேன்.